சண்டைக்காரப் பையனின் கையில் கீறல்கள்: ஒரு தாயின் கடிதத்துக்குப் பதில்

வாசகர் கடிதம்:

டாக்டருக்கு வணக்கம். பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறை பக்கத்தில் ஒரு தென்னந்தோப்பில் குடியிருக்கிறோம். என் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறார், வாரத்துக்கு ஒன்றிரண்டு நாள்தான் வீட்டில் இருப்பார். மகனுக்கு 14 வயது, தமிழ் மீடியத்தில் ஒன்பதாவது படிக்கிறான். ஐந்தாவது ஆறாவது படிக்கும்போதிருந்தே அவன்மேல் புகார்தான். இந்த வருஷம் இரண்டு தடவை அடிதடி, ஒரு தடவை சஸ்பெண்ட். கோபம் வந்தால் சுவரில் ஓங்கிக் குத்துவான், விரல் முட்டியெல்லாம் வீங்கிப்போகும். போன வாரம் துணி துவைக்கும்போது அவன் முழுக்கைச் சட்டையின் உள்பக்கம் ரத்தக்கறை இருந்தது. அவன் தூங்கும்போது பார்த்தால் முழங்கைக்குக் கீழே வரிசையாகக் கீறல்கள். சிலது பழைய தழும்பு, சிலது புதுசு. காலையில் கேட்டதற்கு வேலிக்கம்பி கிழித்தது என்றான். விடாமல் கேட்டதும், “சாகறதுக்கு ஒண்ணும் பண்ணலை, விடு” என்று கத்திவிட்டுப் போய்விட்டான். கிளாஸ் டீச்சரிடம் தனியாகச் சொன்னேன். எல்லாரும் தன்னைக் கவனிக்கணும்னு செய்கிறான், கண்டுகொள்ளாதீர்கள் என்றார். மாமியார் யாரோ ஏதோ வைத்துவிட்டார்கள் என்று மந்திரிக்கக் கூப்பிடுகிறார். அவன் அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை, தெரிந்தால் தோலை உரித்துவிடுவார். இது தற்கொலை முயற்சியா, மனநோயா, இல்லை திமிரா? டாக்டரிடம் போனால் போலீஸ் கேஸ் ஆகுமா? பாலக்காடு போவதா, கோயம்புத்தூர் போவதா?

— பெயர் வெளியிட விரும்பாத ஒரு தாய்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

இன்று இரவே செய்ய வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். தோப்பில் குடியிருக்கிறீர்கள். மோட்டார் ரூமிலோ, விறகு அடுக்கிய மூலையிலோ பூச்சி மருந்தும் களைக்கொல்லியும் எலி மருந்தும் இருக்கும். அவற்றையெல்லாம் ஒரு பெட்டியில் போட்டுப் பூட்டி, சாவியை உங்கள் இடுப்பிலேயே வைத்துக்கொள்ளுங்கள். தோப்பு முதலாளியின் மருந்தாக இருந்தால் அவரிடம் சொல்லி வேறு இடத்துக்கு மாற்றச் சொல்லுங்கள், காரணம் சொல்ல வேண்டியதில்லை. மாமியாரின் சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளையும் அதே பெட்டியில் வைத்துவிடுங்கள். உங்கள் கடிதத்தை வைத்து மகன் சாக நினைக்கிறான் என்று என்னால் சொல்ல முடியாது, நினைக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. அது தெரியும்வரை இந்தப் பூட்டு இருக்கட்டும். தெரிந்த பிறகும் இருக்கட்டும்.

சரி, இனி உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன்.

“சாகறதுக்கு ஒண்ணும் பண்ணலை” என்று அவன் சொன்னதைக் கோபத்தில் கத்தியதாக நினைத்துத் தள்ளிவிடாதீர்கள். நோயைக் கண்டறிய நாங்கள் அரை மணி நேரம் பேசிக் கேட்டு வாங்குகிற ஒரு தகவலை அவன் ஒரே வரியில் கொடுத்திருக்கிறான். சாகும் எண்ணம் இல்லாமல், தன் உடம்பைத் தானே வேண்டுமென்று காயப்படுத்திக்கொள்வது ஒன்று உண்டு. தற்கொலை நோக்கமற்ற சுயகாயம் என்று அதைச் சொல்கிறோம். பெரும்பாலும் 12 வயதுக்கும் 14 வயதுக்கும் இடையில் தொடங்கும். பல நாடுகளில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2014-ல் வெளிவந்த ஓர் அலசல், வளரிளம் பருவத்தில் இருப்பவர்களில் ஏறக்குறைய 17 சதவீதம் பேர் ஒரு தடவையாவது இப்படிச் செய்திருப்பதாகச் சொல்கிறது. வகுப்பில் நாற்பது பிள்ளைகள் என்றால் ஆறேழு பேர். ஆகவே உங்கள் வீட்டில் மட்டும் நடக்காத ஒன்று நடந்துவிட்டதாக நினைத்து ஒடுங்கிப்போகாதீர்கள்.

இதை ஏன் செய்கிறார்கள் என்று கேட்டால், பிள்ளைகள் சொல்கிற பதில் அநேகமாக ஒன்றுதான்: அதுக்கப்புறம் கொஞ்ச நேரம் அமைதியா இருக்கும். மனசு கொதிக்கிறபோது, நெஞ்சு அடைக்கிறபோது, சொல்ல வாய் வராதபோது, உடம்பு வலி அந்தக் கொதிப்பைச் சற்று நேரத்துக்கு இறக்கிவிடுகிறது. இன்னும் சிலர், எதையுமே உணர முடியாமல் மரத்துப்போய் இருந்தேன், வலித்தபோதுதான் உயிரோடு இருப்பதாகத் தெரிந்தது என்பார்கள். வேறு சிலர் தன்னையே தண்டித்துக்கொள்கிறார்கள். மற்றவர்களுக்குத் தன் வேதனையைக் காட்டுவதற்காகச் செய்பவர்களும் உண்டு, ஆனால் அவர்கள் குறைவு. அப்படிக் காட்டுகிற பிள்ளைக்கும் காட்டுவதற்கு ஒரு வேதனை இருக்கிறது என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

ஆகவே கிளாஸ் டீச்சர் சொன்னதை நான் ஏற்கவில்லை. பாலக்காட்டு வெயிலில் முழுக்கைச் சட்டையை மணிக்கட்டு வரை இறக்கிவிட்டுக்கொண்டு, கேட்டால் வேலிக்கம்பி என்று சொல்லி மறைக்கிற பையன், யாரும் பார்க்கக் கூடாது என்றுதான் இவ்வளவு பாடுபட்டிருக்கிறான். ஆசிரியர் கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டார். ஆனால் சண்டைக்காரன் என்று பெயர் வாங்கிய பையன் எதைச் செய்தாலும் அதுவும் அந்தச் சேட்டைக் கணக்கிலேயே சேர்ந்துவிடுகிறது. அதே கீறல் அமைதியான, நன்றாகப் படிக்கிற ஒரு பெண் பிள்ளையின் கையில் இருந்திருந்தால், அன்று மாலையே பள்ளிக்கூடத்திலிருந்து வீட்டுக்குப் போன் வந்திருக்கும்.

ஆண் பிள்ளைகள் விஷயத்தில் இன்னொன்றும் நடக்கிறது. சுவரில் குத்துவது, தலையை மோதிக்கொள்வது, தன்னையே அறைந்துகொள்வது போன்றவை அவர்களிடம் அதிகம். அதையெல்லாம் நாம் கோபம் என்று எடுத்துக்கொள்கிறோம். மகன் சுவரில் குத்தினான் என்பதைப் புகார் வரிசையில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது கீறல் வரிசையில் சேர வேண்டியதாகத் தெரிகிறது. யாரையோ அடிக்க முடியாமல் சுவரை அடித்தானா, கை வலிக்க வேண்டும் என்றே அடித்தானா என்பதை அவன்தான் சொல்ல வேண்டும். கேட்டால் சொல்வார்கள். கேட்பதற்கு ஆள் இருப்பதில்லை.

இது மனநோயா என்கிறீர்கள். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-ல் வெளியிட்ட மனநோய்க் கையேட்டில், இன்னும் ஆராய வேண்டியவை என்ற பகுதியில் இதை வைத்தார்கள். தனி நோய் என்று முடிவு கட்டவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலிலும், 2022 முதல் நடைமுறையில் இருக்கும் பதிப்பில், இது ஓர் அறிகுறியாகத்தான் வருகிறது. அதாவது கீறல் இருக்கிறது என்று எழுதுவதோடு டாக்டரின் வேலை முடிவதில்லை. அதன் அடியில் என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி.

இருந்தாலும் அந்தக் கையேட்டில் சொல்லியிருக்கும் அளவுகோல் எங்களுக்கு உதவுகிறது. கடந்த ஒரு வருஷத்தில் 5 நாட்களாவது இப்படி நடந்திருக்க வேண்டும். காயங்களை எண்ணக் கூடாது, நாட்களைத்தான் எண்ண வேண்டும். சாகும் எண்ணம் இருக்கக் கூடாது. செய்வதற்குச் சற்று முன்னால் ஏதோ சண்டை, அவமானம், தாங்க முடியாத உணர்ச்சி இருந்திருக்கும், அல்லது அந்த நினைப்பே திரும்பத் திரும்ப வந்து அடக்க முடியாமல் போயிருக்கும். செய்தால் நிம்மதி வரும் என்ற எதிர்பார்ப்பும் இருக்கும். உங்கள் மகன் கையில் பழைய தழும்பும் புதிய கீறலும் சேர்ந்தே இருப்பதால் இது ஒருநாள் சமாச்சாரம் அல்ல என்று தோன்றுகிறது. ஆனால் 5 நாள் ஆகாவிட்டால் பரவாயில்லை என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரே ஒரு நாள் நடந்திருந்தாலும் பிள்ளையோடு உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம்தான்.

எதெல்லாம் இதில் சேராது என்பதும் முக்கியம். நம் பக்கத்தில் அலகு குத்திக் காவடி எடுக்கிறோம், தீ மிதிக்கிறோம், பச்சை குத்திக்கொள்கிறோம். ஊரும் சாமியும் சேர்ந்த அந்த வழக்கங்கள் இந்தக் கணக்கில் வராது. நகம் கடிப்பது, புண் பொருக்கைப் பிய்ப்பது வராது. முடியைப் பிடுங்கிக்கொள்வதற்கு வேறு பெயர், வேறு வைத்தியம். ஆட்டிசம் அல்லது அறிவு வளர்ச்சிக் குறைபாடு உள்ள பிள்ளை தாளம் போட்டது போல் திரும்பத் திரும்பத் தலையை மோதுவதும் வேறு. போதையில் இருக்கும்போது மட்டும் நடந்தால், அல்லது காதில் ஏதோ குரல் கேட்டு அது சொன்னதால் செய்தால், அவசரமாகப் பார்க்க வேண்டிய வேறு பிரச்சினை இருக்கிறது என்று அர்த்தம். சித்தூர் தாலுகாவில் கள்ளு இறக்காத தோப்பு குறைவு என்பதால், குடிக்கிறானா என்பதை நான் கட்டாயம் கேட்பேன். அவனைக் குற்றம் சாட்டக் கேட்பதில்லை. குடித்தால் கை அடங்காது, காயம் ஆழமாகிவிடும்.

தற்கொலை முயற்சிக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தை நிதானமாகப் புரிந்துகொள்ளுங்கள். ஒன்று வாழ்க்கையை முடிக்கப் பார்ப்பது, மற்றது அந்த நேரத்தைக் கடக்கப் பார்ப்பது. ஆனால் இரண்டுக்கும் நடுவே சுவர் எதுவும் கிடையாது. இன்று நிம்மதிக்காகச் செய்கிற அதே பிள்ளைக்கு, வேறொரு நாள், நிம்மதி கிடைக்காதபோது, சாகலாம் என்ற எண்ணம் வரலாம். சுயகாயம் உள்ள பிள்ளைகளிடம் பின்னால் தற்கொலை முயற்சி நடக்கும் வாய்ப்பு மற்றப் பிள்ளைகளைவிடத் தெளிவாகவே அதிகம். அதனால்தான் சாகும் எண்ணம் உண்டா என்று ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்கிறோம். போன மாதம் இல்லை என்று சொன்னதை இந்த மாதத்துக்குச் செல்லும் என்று வைத்துக்கொள்வதில்லை.

நீங்களும் கேட்கலாம். கேட்டால் அந்த எண்ணத்தை நாமே எடுத்துக் கொடுத்ததாகிவிடுமோ என்று எல்லாத் தாய்மாருக்கும் பயம் இருக்கிறது. அப்படி ஆவதில்லை என்று ஆய்வுகளும் சொல்கின்றன, கேட்டதும் தோள் இறங்கி மூச்சு விடுகிற பிள்ளைகளை நானும் பார்க்கிறேன். எப்படிக் கேட்பது என்றுதானே யோசிப்பீர்கள்? மாமியார் தூங்கிய பிறகு, நேருக்கு நேர் உட்காராமல், இரண்டு பேரும் ஏதாவது வேலை பார்த்துக்கொண்டே பேசுங்கள். “உன் கையைப் பார்த்தேன்டா. கோபமெல்லாம் இல்லை. பயமா இருந்துச்சு. எப்ப அப்படிச் செய்யத் தோணுது?” இவ்வளவு போதும். அப்புறம் வாயை மூடிக்கொண்டு காத்திருங்கள். இரண்டு நிமிஷம் அவன் ஒன்றும் பேசாவிட்டாலும் காத்திருங்கள். பிறகு, “செத்துடலாம்னு எப்பவாவது தோணியிருக்கா?” என்று இதே சாதாரணக் குரலில் கேளுங்கள். அன்று அவன் எழுந்து போய்விட்டால் விட்டுவிடுங்கள். இன்னொரு நாள் கேட்கலாம். அம்மாவுக்குத் தெரியும், அம்மா அடிக்கவில்லை, அழுது ஊரைக் கூட்டவில்லை என்பது அவனுக்குத் தெரிந்துவிட்டதே, அது பெரிது.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். “இனிமே செய்ய மாட்டேன்னு என் தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணு” என்று கேட்காதீர்கள். சத்தியம் செய்த பிள்ளையால் கொதிப்பை நிறுத்த முடியாது. அடுத்த தடவை செய்துவிட்டு, அம்மா தலையில் அடித்த சத்தியத்தை மீறிவிட்டோமே என்று தன்னைத் தண்டிக்க இன்னொரு காரணமும் வைத்துக்கொள்வான். தூங்கும்போது சட்டையைத் தூக்கிப் பார்ப்பதையும் இத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பார்க்க வேண்டுமென்றால் அவனிடம் கேட்டே பாருங்கள். புதிய காயம் இருந்தால் சோப்புப் போட்டுத் தண்ணீரில் கழுவி, சுத்தமான துணி கட்டி, ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டி டிடி ஊசி (டெட்டனஸ் தடுப்பூசி) தேவையா என்று கேளுங்கள். மருந்து போடும்போது திட்டாமல் போடுவது கூட ஒரு பேச்சுதான்.

இப்போது நான் அதிகம் சொல்ல விரும்புகிற இடத்துக்கு வருகிறேன். உங்கள் மகனுக்கு நடத்தைக் கோளாறு, கூடவே சுயகாயம் என்று இரண்டு தனித்தனிக் கோப்பு திறப்பது எளிது. பள்ளிக்கூடம் முதல் கோப்பைப் பார்க்கும், ஆஸ்பத்திரி இரண்டாவதைப் பார்க்கும். நான் அப்படிப் பிரிப்பதில்லை. இப்படிப்பட்ட பையன் வந்தால் ஒரு வெள்ளைத்தாளை மேஜையில் வைத்து, கடைசியாக நடந்த ஒரே ஒரு நாளை மட்டும் எடுத்துக்கொண்டு, காலையிலிருந்து இரவு வரை அவனையே வரிசையாகச் சொல்லச் சொல்வேன். எத்தனை தடவை செய்தாய், ஏன் செய்தாய் என்று தொடங்கினால் ‘தெரியாது’ என்ற ஒரே பதில்தான் வரும். அந்த நாளைக் கேட்டால் வந்துவிடும்.

உங்கள் மகனிடம் என்ன வரும் என்று எனக்குத் தெரியாது. ஆனால் இப்படிப்பட்ட தாள்களில் வழக்கமாக எழுதப்படுவது என்னவென்று காட்டுகிறேன். மூன்றாவது பீரியட். சார் எழுந்து படிக்கச் சொன்னார். இரண்டு வரியில் திக்கியது. பின் பெஞ்சில் சிரித்தார்கள். இண்டர்வெல்லில் சிரித்தவன் சட்டையைப் பிடித்தேன். எச்.எம். ரூமுக்கு வெளியே ஒரு மணி நேரம் நிற்க வைத்தார்கள். வீட்டுக்குப் போன் போனது. அப்பா லாரியிலிருந்து போனில், ‘வந்து வெச்சுக்கறேன்’ என்றார். சாப்பிடவில்லை. ராத்திரி எல்லாரும் தூங்கிய பிறகு நெஞ்சு படபடவென்று இருந்தது, அழுகை வரவில்லை. அப்புறம் கையில் செய்துகொண்டேன். பத்து நிமிஷம் அமைதியாக இருந்தது. அப்புறம் அசிங்கமாக இருந்தது. மறுநாள் முழுக்கைச் சட்டை. எவனாவது கையைத் தொட்டால் பிடித்துத் தள்ளுகிறேன்.

இந்தத் தாளில் அடிதடி எங்கே முடிந்து சுயகாயம் எங்கே தொடங்குகிறது? இரண்டும் ஒரே கயிற்றின் முடிச்சுகள். அடித்த கையும் கீறிய கையும் ஒரே கொதிப்பைத்தான் இறக்கி வைக்கப் பார்த்தன. அந்தக் கயிற்றின் மறுமுனை இந்த உதாரணத்தில் மூன்றாவது பீரியடில் படிக்க முடியாமல் திக்கியதில் இருக்கிறது. படிக்கச் சிரமப்படும் குறைபாடு ஐந்தாம் வகுப்பிலேயே இருந்து, யாரும் பார்க்காமல், பையன் அதை மறைக்கச் சேட்டை செய்து, சேட்டைக்கு அடி வாங்கி வளர்ந்திருக்கலாம். உங்கள் மகன்மேல் ஐந்தாவது ஆறாவதிலிருந்தே புகார் என்று எழுதியிருக்கிறீர்களே, அதனால்தான் இதை இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன். அவன் மூன்றாவது, நான்காவது படித்தபோது கொடுத்த முன்னேற்ற அட்டையும் பழைய நோட்டும் வீட்டுப் பரணில் கிடந்தால் தேடி எடுத்து வையுங்கள். டாக்டருக்கு அவை ஸ்கேன் ரிப்போர்ட்டைவிட உபயோகப்படும்.

படிப்புக் குறைபாடு மட்டும்தான் என்றில்லை. கவனக்குறைவும் துறுதுறுப்பும் சேர்ந்த ஏ.டி.எச்.டி. இருக்கிறதா என்று பார்ப்போம். அது 12 வயதுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். பெரியவர்களை எதிர்த்துக்கொண்டே இருக்கும் கோளாறு வேறு, மற்றவர்களை நோகடித்து, திருடி, பொருளை உடைத்து, விதிகளை மீறிக்கொண்டே இருக்கும் கோளாறு வேறு. இரண்டு தடவை அடிதடி செய்ததை வைத்து இரண்டாவது பெயரை ஒட்டிவிட முடியாது. பிறகு மனச்சோர்வு. பெரியவர்களுக்கு மனச்சோர்வு வந்தால் ஓய்ந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். 14 வயதுப் பையனுக்கு வந்தால் எரிந்து எரிந்து விழுவான், எதற்கெடுத்தாலும் சண்டைக்குப் போவான். சண்டைதான் வெளியே தெரிவதால் சோர்வை யாரும் தேடுவதில்லை. தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி, முன்பு ஆசையாகச் செய்ததை விட்டுவிட்டானா, பந்து விளையாடப் போகிறானா என்பதையெல்லாம் நீங்கள் கவனித்துக் குறித்து வையுங்கள். நண்பர்களில் வேறு யாருக்கும் கையில் இப்படி இருக்கிறதா, போனில் இதுபோன்ற படங்களைப் பார்க்கிறானா என்பதும் தெரிய வேண்டும். இந்த வயதில் ஒருவரைப் பார்த்து ஒருவர் தொடங்குவது உண்டு.

யாராவது அவனை அடிக்கிறார்களா, மிரட்டுகிறார்களா, உடம்பில் தொடக் கூடாத விதத்தில் தொட்டிருக்கிறார்களா என்பதையும் கேட்டே ஆக வேண்டும். ஆண் பிள்ளைக்கு அதெல்லாம் நடக்காது என்று நினைக்காதீர்கள். இந்தக் கேள்விக்காகவே டாக்டர் அவனைத் தனியாகப் பார்ப்பார். உங்களை வெளியே இருக்கச் சொன்னால் வருத்தப்படாதீர்கள். தனியாகப் பேசுவதில் பெரும்பகுதி அவர்களுக்குள்ளேயே இருக்கும். உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் உங்களிடம் சொல்வார். பாலியல் துன்புறுத்தல் தெரியவந்தால் குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ம் வருட போக்சோ சட்டப்படி போலீசுக்கோ சிறார் போலீஸ் பிரிவுக்கோ தெரிவிக்க வேண்டியது டாக்டரின் கடமை. இதை நல்ல டாக்டர் பையனிடம் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவார். என்ன சொன்னால் வெளியே போகும், என்ன சொன்னால் போகாது என்று தெரிந்த பிறகு பேசுகிற பிள்ளைதான் நம்பிப் பேசும்.

போலீஸ் கேஸ் பற்றிக் கேட்டீர்கள். சுயகாயம் குற்றமல்ல. அது போகட்டும், தற்கொலை முயற்சியே நடந்திருந்தாலும்கூட, 2017-ம் வருட மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-வது பிரிவு, அவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் கொடுப்பது அரசின் கடமை என்றும் சொல்கிறது. கேஷுவாலிட்டியில் காயத்தைப் பதிவேட்டில் எழுதினால் பயப்படாதீர்கள், அது உங்கள் மகன்மேல் போடும் வழக்கு ஆகாது.

பாலக்காடா கோயம்புத்தூரா என்பதற்கு என் பதில், எங்கே பத்துத் தடவை போய்வர உங்களால் முடியுமோ அங்கே. ஒரே நாளில் பெயர் சொல்லி மாத்திரை எழுதித் தருகிற விஷயமாக இது இருக்காது. பையனிடம் தனியாக, உங்களிடம் தனியாக, முடிந்தால் ஆசிரியரிடம் ஒரு கடிதம் என்று மூன்று பக்கமும் கேட்டால்தான் தெளியும், அதற்கே இரண்டு மூன்று தடவை ஆகும். கேரளத்தில் எல்லா மாவட்டத்திலும் மாவட்ட மனநலத் திட்டம் இருக்கிறது. அந்த டாக்டர் குழு குறிப்பிட்ட நாட்களில் ஊர்ப்பக்க அரசு ஆஸ்பத்திரிகளுக்கே வரும். சித்தூர் தாலுகா ஆஸ்பத்திரியில் எந்தக் கிழமை என்று கேட்டுப் பாருங்கள். வேலந்தாவளம் தாண்டிக் கோயம்புத்தூர் போவது உங்களுக்குப் பஸ் வசதி என்றால் அங்கே அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. எங்கே போனாலும், பையன் தமிழில்தான் மனசு விட்டுப் பேசுவான், தமிழ் தெரிந்தவர் பார்க்கட்டும் என்று முதலிலேயே கேளுங்கள். கடையில் பேசுகிற மலையாளம் அவனுக்கு வரும். இதைச் சொல்ல அது போதாது.

பள்ளியில் கவுன்சிலர் இருந்தால் அவரையும் பாருங்கள். ஆனால் எச்.எம். முதல் பி.டி.ஏ. வரை எல்லாரிடமும் சொல்லாதீர்கள். நம்பக்கூடிய ஓர் ஆசிரியருக்குத் தெரிந்தால் போதும். அவரிடம் இரண்டே இரண்டு உதவி கேளுங்கள்: எல்லார் முன்னாலும் எழுப்பிப் படிக்கச் சொல்ல வேண்டாம், கோபம் ஏறும்போது ஐந்து நிமிஷம் வெளியே போய்த் தண்ணீர் குடித்து வர விட வேண்டும். சட்டைக் கையை மடித்துக் காட்டு என்று வகுப்பில் யாரும் கேட்கக் கூடாது.

வைத்தியத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். சுயகாயத்துக்கென்று தனி மாத்திரை கிடையாது. அடியில் மனச்சோர்வோ ஏ.டி.எச்.டி.யோ இருந்தால் அதற்கு மருந்து தேவைப்படலாம். மற்றபடி, கொதிப்பு ஏறும்போதே அதைக் கண்டுகொள்ளவும், கை அங்கே போவதற்கு முன் வேறு வழியில் அதை இறக்கவும், சொல்ல வேண்டியதை வாய்விட்டுச் சொல்லவும் பழக்குகிற பேச்சு சிகிச்சைதான் முக்கியம். அந்த வகைச் சிகிச்சையில் டி.பி.டி. (டயலெக்டிகல் பிஹேவியர் தெரபி) என்று ஒரு முறை இருக்கிறது, இந்த வயதுப் பிள்ளைகளுக்கு நன்றாக உதவுகிறது. அதில் பெற்றோருக்கும் வகுப்பு உண்டு. உடனே நின்றுவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். முதலில் இடைவெளி கூடும். அப்புறம், செய்வதற்கு முன்னால் உங்களிடம் வந்து நிற்பான்.

சாகப் போகிறேன் என்று பேசினால், எழுதி வைத்தால், ஆசையாக வைத்திருந்த பொருட்களைத் தூக்கிக் கொடுத்தால், காயம் ஆழமானால், குடித்துவிட்டுச் செய்தால், குரல் கேட்கிறது என்றால், அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்காமல் அன்றே கேஷுவாலிட்டிக்குக் கூட்டிப் போங்கள். ஒரு நிமிஷமும் தனியாக விடாதீர்கள். ராத்திரியில் யாரிடம் கேட்பது என்று தவித்தால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணைக் கூப்பிடுங்கள். மத்திய அரசின் சேவை, 24 மணி நேரமும் உண்டு, காசு கிடையாது, தமிழிலும் பேசலாம். கேரள அரசின் திசா என்ற சுகாதார உதவி எண் 1056. உங்கள் மகனே கூப்பிடவும் செய்யலாம். எண்ணை அவன் போனில் சேமித்துக் கொடுங்கள்.

மாமியாரோடு சண்டை வேண்டாம். கோயிலுக்குக் கூட்டிப் போய்த் திருநீறு பூசினால் பூசட்டும், பேரன்மேல் உள்ள பாசத்தில்தான் சொல்கிறார். ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளைத் தள்ளிப்போட்டு மந்திரிக்கக் கூடாது. மந்திரிக்கிறேன் என்று யாரும் அவனை அடிக்கவோ சூடு வைக்கவோ விடாதீர்கள். வீட்டில் ஒரு கெட்டது நுழைந்துவிட்டது, அது நீதான் என்று அவன் காதில் விழும்படி யாரும் பேசவும் கூடாது.

உங்கள் வீட்டுக்காரரிடம் ரொம்ப நாள் மறைக்க முடியாது, மறைக்கவும் வேண்டாம். ஆனால் போனில் சொல்லாதீர்கள். லாரி ஓட்டிக்கொண்டிருப்பவர் நூறு மைல் தொலைவிலிருந்து கத்தத்தான் முடியும். அவர் வீட்டுக்கு வரும் நாளுக்கு முன்னால் உங்கள் முதல் ஆஸ்பத்திரி வருகை முடிந்திருந்தால் நல்லது. அடுத்த வருகைக்கு அவரையும் கூட்டிப் போய், டாக்டர் வாயால் சொல்லச் சொல்லுங்கள். எங்கள் அறையில் இதைக் கேட்ட அப்பாக்கள் பலர் முதலில் கோபப்படுவார்கள், பிறகு நான்தான் காரணமா என்று கேட்பார்கள். அந்தக் கேள்வி வந்துவிட்டால் அவரோடு வேலை செய்ய முடியும். அதற்கு முன்னால் அவருக்கு விஷயம் தெரிந்து பெல்ட்டை எடுத்தால், நடுவில் நின்று, “அடிச்சா இன்னும் கீறிக்குவான், டாக்டர் சொல்லியிருக்கார்” என்று என் பேரைச் சொல்லித் தடுங்கள். நான் சொன்னதுதான் அது. இந்தப் பதிலை அவரிடம் படிக்கக் கொடுப்பதானாலும் கொடுக்கலாம், மகனிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கொடுங்கள்.